சக்கரவர்த்தி வைத்த ஏழு சுண்ணாம்புப் புள்ளிகள்

ஜமுனாமரத்தூர் சக்கரவர்த்தியைக் கெட்டிக்காரன் என்று சொல்லிவிட முடியாது. படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆம்பிளிஃபயருக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டால், "கரண்டு போவுது, சத்தம் வருது" என்பான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது. அவனிடம் இருந்தது அந்த ஓர் ஆம்பிளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக்கு, ஒரு லாரி பேட்டரி. அவற்றை மாட்டு வண்டியிலும் தலைச்சுமையாகவும் கொண்டுபோய், கல்யாணம், காதுகுத்து, கருமாதி, தேர்தல் என்று மலை முழுக்கப் பதினான்கு ஆண்டுகள் சத்தம் கொடுத்தான். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அவன் செட்டு ஒருமுறைகூட ஊளையிட்டதில்லை. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான் என்று 1981ஆம் வருடம் சித்திரை மாதம்வரை எல்லோரும் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

ஊளை என்பது மைக்செட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. குழாய் வழியே வெளியே போன சத்தம் சுற்றிக்கொண்டு திரும்பவும் மைக்குக்குள் நுழைந்துவிட்டால், செட்டு தன் குரலைத் தானே கேட்டு, அதற்குத் தானே பதில் சொல்லி, அந்தப் பதிலையும் கேட்டு, ஒரு நொடியில் வெறி பிடித்ததுபோல் கத்தத் தொடங்கும். தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும் மனிதர்களுக்கும் இதுதான் நேர்கிறது. அவர்களைத் திருகிக் குறைக்க முடியாது, செட்டை முடியும். கீழே சமவெளியில் இது சிரிப்போடு முடிகிற விஷயம். ஜமுனாமரத்தூரில் அப்படி முடியவில்லை.

1967ஆம் வருட வைகாசியில் காளியம்மன் திருவிழாவுக்கு முதன்முதலாகக் கீழேயிருந்து மைக்செட்டு வந்தது. அந்த ஊரில் சாமை விதைக்கும் நாளை அம்மன்தான் சொல்ல வேண்டும். பூசாரி குப்பன்மேல் அம்மன் இறங்கும், நாளைச் சொல்லும், அதற்குப் பிறகுதான் நிலத்தில் கலப்பை விழும். அந்த வருடம் உச்சிவேளையில் அம்மன் இறங்கியது. குப்பன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் வாயைத் திறந்தார். செட்டு ஊளையிட்டது. குப்பன் அப்படியே சாய்ந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியபோது, "பசிக்குது" என்றார். அம்மன் நாள் சொல்லாமலே போய்விட்டிருந்தது.

இருபத்திரண்டு நாட்கள் ஒருவரும் விதைக்கவில்லை. மறுபடி ஊர் கூடி, பொங்கல் வைத்து, அழைத்து, நாள் வாங்குவதற்குள் நல்ல மழை இரண்டு போயிருந்தது. அந்த வருடம் சாமை பாதிக்குப் பாதிகூடத் தேறவில்லை. செட்டு கொண்டுவந்தவன் அன்றே சாயங்காலம் மலையிறங்கிப் போனவன், மலைப்பக்கம் திரும்பவில்லை.

சக்கரவர்த்திக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குழாய் கட்டிய கம்பத்தடியில் நின்றிருந்தான். எல்லோரும் செட்டைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவனுக்கு மட்டும் தப்பு செட்டில் இல்லை, மைக்கைக் கொண்டுபோன இடத்தில் இருக்கிறது என்று பட்டது. அடுத்த மாதமே கீழே போய், அதே மனிதனிடமிருந்து அதே செட்டைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி வந்தான். ஊர் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அவன் வேலை செய்த விதம் இதுதான். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், சத்தத்துக்கான திருகைக் குறைத்து வைத்துக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்தபடி இடம் முழுக்க நடப்பான். ஊளை பிறக்கப் போகும் இடம் அவன் காதுக்குத் தெரியும். கொசு ரீங்காரம்போல் ஒரு நூல் சத்தம் கிளம்பும். அந்த இடத்தில் குனிந்து சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைப்பான். புள்ளிமேல் மைக்கு போகக் கூடாது. அவ்வளவுதான் வித்தை.

ஆனால் ஊர் அதை அவ்வளவோடு விடவில்லை. புள்ளியில் மைக்கு போகக் கூடாது என்றால் மனிதர் மட்டும் போகலாமா என்று சந்தேகம் வந்தது. பெண்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். கல்யாணத்தில் மணப்பெண்ணைப் புள்ளியை மிதிக்காமல் சுற்றி அழைத்துப் போனார்கள். சில ஆண்டுகளில், மைக்செட்டு வைக்க வசதி இல்லாத வீட்டுக் கல்யாணத்திலும் வாசலில் மூன்று சுண்ணாம்புப் புள்ளி வைத்து, பெண்ணைச் சுற்ற வைக்கிற வழக்கம் வந்துவிட்டது. சக்கரவர்த்தி ஒருமுறை விளக்கிச் சொல்லப் பார்த்தான். "உனக்கு செட்டு தெரியும், சாங்கியம் தெரியுமா?" என்று அவனை உட்கார வைத்துவிட்டார்கள்.

அவன் மனைவி கெங்கம்மாளுக்கு மட்டும் இந்தப் பெருமை பிடிபடவில்லை. "வூட்ல மூணு புள்ளைங்க கத்திக்னு கீது. அத அடக்கத் தெரியல. மைக்க அடக்கிட்டாராம்" என்பாள்.

அந்த 1981 சித்திரையில், சந்தையில் பலாப்பழம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்டாமை கோபால்சாமி அவனைக் கூப்பிட்டார். ஊரில் வழக்கு பேசி முடிப்பவர் அவர். மலையில் பஞ்சாயத்துக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் எழுந்து பேசினால் முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது. முடித்ததும் நாட்டாமை, "கேட்டாச்சு" என்பார். பிறகு அடுத்தவர். ஊரே அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்படும்.

"ஆலங்காயத்து அருணகிரி புது செட்டு எடுத்துக்கிறானாம். நாலு கொழாய், ரெண்டு மைக்கு. திருவிழாவ எனக்குக் குடுங்கன்னு ஆள் மேல ஆள் வுட்றான்" என்றார்.

"ரெண்டு மைக்கு எதுக்கு மாமா? அம்மனுக்கு வாய் ஒண்ணுதானே?"

"பேச்செல்லாம் நல்லாதான் பேசுறே. செட்டு பழசாயிடுச்சின்னு ஊர்ல சொல்றாங்க. நாள் கேக்குற நேரத்துல மறுபடியும் ஊளையுட்டா யாரு பதில் சொல்றது? வர்ற செவ்வாக்கெழம ஆடு குடுக்கிற விழாவுக்கு உன் செட்டுதானே? அங்க பாக்குறேன். ஒரு வாட்டி ஊளையுட்டாலும் திருவிழா அருணகிரிக்குத்தான்."

"பதினாலு வருசமா ஊளையுடாதது செவ்வாக்கெழமயா ஊளையுடும்?"

"அதான் நானும் சொல்றேன். அப்பால உனக்கு இன்னா பயம்?"

சக்கரவர்த்திக்குப் பயம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஆம்பிளிஃபயரைத் திறந்து பஞ்சால் துடைத்தான். பிறகு மறுபடியும் துடைத்தான். திருவிழாவுக்குச் செட்டு போடுவது ஒரு நாள் வேலைதான். ஆனால் அம்மன் நாள் சொல்லும்போது மைக்கை நீட்டுவது அவன் கை. அந்தக் கை வேறொருவனுடையதாகிவிட்டால், மிச்சமுள்ள நாட்களில் தான் யார் என்பது அவனுக்குத் தெரியாது.

அந்த விழா அரசாங்கம் மலைவாழ் மக்களுக்கு வெள்ளாடு வழங்கும் விழா. அதன் நிகழ்ச்சி நிரலில் கலை நிகழ்ச்சி என்று ஒரு வரி காலியாக இருந்தது. அதே வாரத்தில் டென்மார்க்கிலிருந்து ஜாஸ் வாசிக்கும் நான்கு ஆண்களும், அவர்களோடு விருந்தாளியாகப் பாட வந்த மார்கிட் என்ற பெண்ணும் பெங்களூரில் கச்சேரி முடித்துவிட்டு, அடுத்து மெட்ராஸ் கச்சேரிக்கு முன் நான்கு நாள் சும்மா இருந்தார்கள். யாரோ ஒருவர் அந்தக் காலி வரியையும் இந்தச் சும்மா நாட்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். உலகத்தில் பல முக்கியமான காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன, இது முக்கியமானதல்ல.

அவர்களுடைய சொந்த செட்டு ஏற்றிவந்த பெரிய வேன், மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. ஆட்கள் மட்டும் ஜீப்பில் ஏறினார்கள். நிமிர்த்தி வைத்தால் ஆள் உயரம் இருக்கும் பெரிய வயலின் ஒன்று அவர்களிடம் இருந்தது. அது ஜீப்பில் ஏறவில்லை. கறுப்பு உறை போட்ட அதை உள்ளூர் ஆட்கள் நான்கு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். வழியில் விறகு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு பெண் தலைமயிரை அவிழ்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். பாஞ்சாலி என்ற கிழவி, எதற்கும் இருக்கட்டும் என்று பின்னாலேயே இரண்டு மைல் நடந்து வந்து, பள்ளிக்கூட மைதானத்தில் உறையைக் கழற்றியதைப் பார்த்த பிறகுதான், "இதுக்கா நான் ஒப்பாரி வெச்சேன்?" என்று கேட்டாள்.

ஆக, டென்மார்க்கின் ஜாஸ் இசை முழுவதும் சக்கரவர்த்தியின் ஒரே மைக்கை நம்பி நின்றது.

மார்கிட்டுக்கு நாற்பது வயது இருக்கலாம். கட்டையாக வெட்டிய முடி. சந்தையில் வாங்கிய ரப்பர் செருப்பு. மைக்கை ஸ்டாண்டில் வைத்துப் பாட மாட்டேன், கையில்தான் பிடிப்பேன் என்றாள். பிடித்தவள் அதைத் தொண்டையில் அழுத்தினாள். கன்னத்தில் தட்டினாள். உள்ளே ஊதினாள். சக்கரவர்த்தி பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தான். மொழிபெயர்க்க வந்திருந்தவர் உண்டு உறைவிடப் பள்ளியின் நீலாவதி டீச்சர், ஒடுகத்தூர்க்காரர்.

"டீச்சர், நாலு வெரக்கட தள்ளி புடிக்கச் சொல்லுங்க. முழுங்கிடப் போறாங்க. ஒண்ணுதான் கீது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மார்கிட் குழாய்ப் பக்கம் நடந்தாள். நூல் சத்தம் கிளம்பியது. சக்கரவர்த்தி பாய்ந்துபோய்த் திருகைக் குறைத்தான். மார்கிட் நின்றாள். கண் விரிந்தது. ஏதோ கேட்டாள்.

"இந்தச் சத்தம் எங்கெங்க வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேக்குறாங்க" என்றார் டீச்சர்.

"தெரியாம? கண்ணக் கட்டி வுட்டாக்கூட சொல்லுவேனுங்க."

"அப்ப எல்லா இடத்தையும் காட்டுங்கன்னு சொல்றாங்க."

பதினான்கு ஆண்டுகளில் இதை அவனிடம் யாரும் கேட்டதில்லை. பேச வந்தவர்களும் பாட வந்தவர்களும் புள்ளியைத் தாண்டிப் போனார்களே தவிர, அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சக்கரவர்த்தி சுண்ணாம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, சாணம் மெழுகிய மேடையில் அவளை அழைத்துப் போனான். ஏழு இடம் தேறியது. ஒவ்வொன்றிலும் குனிந்து புள்ளி வைத்து, அங்கே வரப்போகும் ஊளையின் குணத்தையும் சொன்னான்.

"இது கொசு மாதிரி. தோ, இது எருமக்கன்னு மாதிரி அடியில இருந்து வரும். இது ரொம்ப மோசம், தாய் இல்லாத நாய்க்குட்டி மாதிரி."

மார்கிட் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, அந்தச் சத்தத்தை மெல்ல வாய்க்குள் முனகி, சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். சக்கரவர்த்திக்கு நெஞ்சு குளிர்ந்தது. இவ்வளவு கவனமான பாடகியை அவன் பார்த்ததே இல்லை. டென்மார்க் ஒழுங்கான தேசமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் இருட்டுவதற்குள் ஆட்கள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதால், கச்சேரி மூன்று மணிக்கே தொடங்கியது. முன்வரிசையில் நாட்டாமை. அவருக்குப் பக்கத்தில், இதற்காகவே ஆலங்காயத்திலிருந்து வந்திருந்த அருணகிரி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். ஆடு வழங்கல் முதலிலேயே முடிந்துவிட்டது. ஆடு பெற்றவர்கள் பன்னிரண்டு பேர், கச்சேரி கேட்கும் நேரத்துக்கு ஆட்டை எங்கே கட்டுவது என்று பார்த்து, வலதுபக்கக் குழாய்க் கம்பத்தில் வரிசையாகக் கட்டியிருந்தார்கள்.

நான்கு பேரும் முதலில் சேர்ந்து வாசித்தார்கள். பிறகு வளைந்த பித்தளைக் குழல் வைத்திருந்தவர் மட்டும் முன்னால் வந்து தனியாக வாசித்தார். மற்ற மூவரும் அடக்கி வாசித்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி நின்றார்கள். அவர் ஏதோ வரப்புத் தகராறு சொல்வதுபோல் விரிவாக, கோபமாக, இடையிடையே கெஞ்சலாக வாசித்து முடித்து, ஓர் அடி பின்வாங்கினார். சனம் நாட்டாமையைத் திரும்பிப் பார்த்தது. வேறு வழி இல்லாமல் அவர் எழுந்து, "கேட்டாச்சு" என்றார்.

அடுத்து பெரிய வயலின்காரர். அவர் குரல் தாழ்வாக, எதிர்க்கட்சி நியாயம் சொல்வதுபோல் இருந்தது.

"கேட்டாச்சு."

நான்காமவரும் மேளக்காரரும் முடித்தபோது, வாசித்தவர்களே நாட்டாமையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த ஊரில் பாராட்டுவது இப்படித்தான் என்று நினைத்து, ஒவ்வொருவரும் அவருக்குத் தலை வணங்கினார்கள்.

"மாமா, தீர்ப்பு யாருக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"சும்மா இருடா. இன்னும் பொண்ணு பேசலயே" என்றார் நாட்டாமை.

மார்கிட் வந்தாள். மைக்கைக் கையில் எடுத்தாள். அவள் பாடியதில் சொல் இல்லை. முதலில் கொக்கரித்தாள். பிறகு தினைப்புனத்தில் கிளி விரட்டுவதுபோல் நாக்கைச் சுழற்றி நீட்டினாள். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது.

"இன்னா பாஷ டீச்சர் இது?"

"பாஷை இல்லீங்க. சும்மா குரல்தான்."

"அப்ப இன்னா சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

நாட்டாமைக்கு முகம் வாடிவிட்டது. ஒன்றும் சொல்லாதவளுக்கு என்னவென்று கேட்டாச்சு சொல்வது?

அந்த நேரத்தில் மார்கிட் முதல் புள்ளியைப் பார்த்து நடந்தாள். சக்கரவர்த்தி, சுற்றிக்கொண்டு போகப் போகிறாள் என்று பார்த்தான். அவள் புள்ளியின்மேல் நின்றாள்.

"ஐயையோ, மிதிச்சிட்டாங்க!" என்று ஒரு பெண் அலறினாள்.

கொசு கிளம்பியது. கிளம்பிய நொடியே சக்கரவர்த்தியின் விரல் திருகில் இருந்தது. அமுங்கியது. தவறி மிதித்திருப்பாள் என்று மூச்சு விட்டான். அவள் திரும்பி, அவனைப் பார்த்துச் சிரித்து, இரண்டாவது புள்ளிக்குப் போனாள்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. வழுக்கும் இடத்தைக் காட்டச் சொன்னவள், அங்கேயே போய் வழுக்கி விளையாடத்தான் கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நடந்தது சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கையில் மைக்கு. அவன் கையில் திருகு. அவள் எருமைக்கன்றை எழுப்பினாள். அவன் படுக்க வைத்தான். அவள் மூன்றாவது புள்ளியில் சுழன்றாள், அவன் முந்திக்கொண்டான். அமுங்கிய சத்தங்கள்தான், ஊளை என்று இன்னும் சொல்லிவிட முடியாது. ஆனால் நாட்டாமை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அருணகிரி குரல் கொடுத்தான்:

"சக்கரவர்த்தி அண்ணே, செட்டுக்கு வயித்து நோவா? ஓமத்தண்ணி குடுத்துப் பாருங்க!"

சிரிப்பு. சக்கரவர்த்தியின் காது எரிந்தது. நான்காவதையும் அடக்கினான். வயரைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். பிடுங்கினால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். திருவிழாவும் கையைவிட்டுப் போகாது. கை வயர்ப் பக்கம் போனது.

மார்கிட் ஐந்தாவது புள்ளிக்கு வந்தாள். அது நாய்க்குட்டிப் புள்ளி. அதற்காகவே வாத்தியக்காரர்கள் எல்லோரும் நிறுத்தினார்கள். அவள் கண்ணை மூடி, மைக்கைத் தாழ்த்தி, காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

சக்கரவர்த்தி திருகைத் தொடவில்லை. நியாயமாக அது வந்திருக்க வேண்டும். அவன் வலதுபக்கக் கம்பத்தைப் பார்த்தான். பன்னிரண்டு ஆடும் ஒரே பக்கம் இழுத்து, கம்பத்தைத் திருப்பி, குழாயைப் பள்ளிக்கூட ஓட்டுப் பக்கம் பார்க்க வைத்திருந்தன. மார்கிட் கண்ணைத் திறந்தாள். காலடியில் புள்ளியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். கோபமாக அல்ல. வழி சொன்னவன் தப்பாகச் சொல்லிவிட்டானோ என்று தயங்கும் வழிப்போக்கன்போலப் பார்த்தாள்.

ஒரு மனிதன் எதற்காக வாழ்கிறான் என்பது அவனுக்கே தெரியாமல் இருந்து, ஏதோ ஓர் அற்ப நேரத்தில் தெரிந்துவிடுகிறது. தன் செட்டு ஊளையிடாது என்பதுதான் தன் பெருமை என்று சக்கரவர்த்தி நம்பியிருந்தான். அது பெருமையே இல்லை. தான் வைத்த புள்ளி பொய்க்காது என்பதுதான் பெருமை. பொய்யான புள்ளி ஒன்று ஐந்நூறு பேர் எதிரில், சாணம் மெழுகிய தரையில், வெள்ளையாகக் கிடந்தது.

அவன் திருகைப் பிடித்து, தன் கையால், முழுக்க ஏற்றினான்.

ஊளை வந்தது. பதினான்கு ஆண்டுகளாக அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்ததுபோல் வந்தது. சனம் காதைப் பொத்தியது. பாஞ்சாலிக் கிழவி, ஒப்பாரிக்கு இப்போதாவது காரணம் கிடைத்ததென்று தொடங்கிவிட்டாள். மார்கிட் அந்த ஊளையின் சுருதியைப் பிடித்து அதோடு குரலை வைத்தாள். பிறகு ஒரு மயிரிழை கீழே இறக்கினாள். இரண்டும் உரசி, நடுவே மூன்றாவதாக ஏதோ ஒன்று துடித்தது. சக்கரவர்த்தி திருகை ஓர் அரிசி அளவு குறைத்தான். துடிப்பு மெதுவானது. அவள் தலையசைத்தாள். ஆறாவது, ஏழாவது புள்ளிகளை இருவரும் சேர்ந்தே முடித்தார்கள். அது அழகாக இருந்தது என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சரியாக இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆடுகள் கத்துவதை நிறுத்தியிருந்தன.

முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் நாட்டாமையைப் பார்த்தார்கள். அவர் வெகுநேரம் காதில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"கேட்டாச்சு" என்றார். சக்கரவர்த்தி பக்கம் திரும்பி, "உன் கையாலயே திருகினியே, நான் பாத்தேன். திருவிழா அருணகிரிக்கு" என்றார்.

ஜீப்பில் ஏறும் முன் மார்கிட் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஐந்தாவதை நீங்கள்தான் பாடினீர்கள் என்று அவள் சொல்வதாக டீச்சர் சொன்னார்.

"கொழாய் திரும்பிடுச்சி டீச்சர். அதான்" என்றான் அவன்.

வீட்டில் கெங்கம்மாள் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். செய்தி அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"நீயேதான் ஊளையுட வெச்சியாமே?"

"ஆமா."

"ஏன்?"

"புள்ளி பொய்யாயிடும்ல."

அவள் துடுப்பை நிறுத்தி அவனைப் பார்த்தாள். "தேடித் தேடி எனக்கு மாப்ள பாத்தாரு எங்கப்பன்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கிண்டினாள். ஆனால் களியைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தாள்.

வைகாசித் திருவிழாவுக்குச் சக்கரவர்த்தி முதன்முறையாகக் கையில் ஒன்றும் இல்லாமல் போனான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் வைத்தான், மார்பில் கட்டினான், பின்னால் கட்டினான். அருணகிரியின் நான்கு குழாயும் புதுசாக மின்னின. தரையில் ஒரு சுண்ணாம்புப் புள்ளிகூட இல்லை. பெண்கள் எங்கே மிதிக்கக் கூடாது என்று தெரியாமல் திகைத்து, ஒருவர் பின்னால் ஒருவராக நடந்தார்கள்.

உச்சிவேளையில் அம்மன் இறங்கியது. குப்பனுக்கு இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் நன்றாக ஆடினார். அருணகிரி மைக்கை நீட்டினான். குப்பன் வாயைத் திறந்தார்.

செட்டு ஊளையிட்டது.

கூட்டம் முழுவதும் திரும்பியது. அருணகிரியை யாரும் பார்க்கவில்லை. ஓரத்தில் வெறுங்கையோடு நின்ற சக்கரவர்த்தியைத்தான் பார்த்தது.

"நான் இன்னா பண்ணேன்?" என்றான் அவன். ஆனால் கால் தானாக நடந்துவிட்டது. போய், அம்மன் ஏறிய குப்பனை இரண்டு தோளிலும் பிடித்து, பீரோவை நகர்த்துவதுபோல் இடதுபக்கம் இரண்டு அடி நகர்த்தி வைத்தான். ஊளை நின்றது. சாமியைத் தொட்டு நகர்த்திவிட்டோம் என்பது அதற்கப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

குப்பன் விழவில்லை. அம்மன் போகவில்லை. "ஆனி ஏழு" என்றது கணீரென்று. பம்பை முழங்கியது.

பிறகு குறி கேட்கும் நேரம். மாட்டுக்கு, மகளுக்கு, காணாமல் போன மூக்குத்திக்கு என்று வரிசை நின்றது. சக்கரவர்த்தியும் போய் நின்றான். முறை வந்தது.

"உனக்கு இன்னாடா வோணும்?" என்றது அம்மன்.

"ஒண்ணும் வோணாம் தாயி. ஒண்ணு கேக்கணும். பதினாலு வருசத்துக்கு முன்னால ஊளையுட்டப்ப எழுந்து போய்ட்டியே. இன்னிக்கும் ஊளையுட்டுச்சே, ஏன் போவல?"

குப்பன் உடம்பு ஒருமுறை உதறியது. அம்மன் அவனை ஏற இறங்கப் பார்த்தது.

"அன்னிக்கி நீங்க வெச்ச பொங்கல் வேகலடா. பசி. போய்ட்டேன். நீ ஊளைன்னு நெனச்சிக்னு பதினாலு வருசம் சுத்துனா அதுக்கு நானா பொறுப்பு? தள்ளிப் போ. அடுத்தவன வுடு."

அவன் தள்ளிப் போனான். புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தான். கெங்கம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாளோ என்று பார்த்தான். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான்; முழுசாக வரவில்லை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது நாட்டாமை இலையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அருணகிரி கௌம்பிட்டான். அடுத்த வருசம் நீயே போட்டுடு."

"போடலாம் மாமா. ஆனா ஒரு வாட்டி ஊளையுடும்."

"ஏன், ரிப்பேரா?"

"இல்ல. நான் வுடுவேன்."

நாட்டாமை சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "யாருக்கோசரம்?"

"எனக்குத்தான்."

"சாமி எறங்கறதுக்கு முன்னாலயா, அப்பாலயா?"

"முன்னால. ஆனா பொங்கல் வெந்துடணும்."

"எந்தப் புள்ளில?"

"அஞ்சாவதுல."

நாட்டாமை மரத்தை அண்ணாந்து பார்த்தார். அருணகிரி கழற்றிக்கொண்டு போன குழாயின் கயிறு மட்டும் கிளையில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வாய் சோற்றை எடுத்துப் போட்டு, மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தார்.

"கேட்டாச்சு" என்றார்.